கம்பெனிக் கணக்கு வேறு, சொந்தக் கணக்கு வேறு

மகாராஷ்டிர மாநிலத்தில் லாத்தூர் என்று ஒரு மாவட்டம். துவரையும் சோயாவும் விளைகிற பூமி. அங்கே ஒரு சிற்றூர் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்த ஊரில் ஒரு பெண் விவசாயி. அவருக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். ஊரில் எல்லோரும் அவரைத் ‘தாயீ’ என்று கூப்பிடுவார்கள். மராத்தி மொழியில் தாயீ என்றால் அக்கா.

தாயீ சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. வெகுகாலம் கைநாட்டுத்தான் வைத்தார். பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். முதன்முதலில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்ட நாளை அவர் இன்னும் மறக்கவில்லை.

ஊர் விவசாயிகள் ஒன்று சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். துவரையை மொத்தமாகச் சேர்த்து நல்ல விலைக்கு விற்பது அதன் வேலை. கம்பெனியை நடத்த ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் தாயீயும் ஒருவர். அவர் இப்போது கம்பெனியின் இயக்குநர்.

இப்படி விவசாயிகளே கம்பெனி நடத்தச் சட்டத்தில் இடம் உண்டு. 2002ஆம் ஆண்டில் கம்பெனிச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி பத்து விவசாயிகள் சேர்ந்தால் ‘உற்பத்தியாளர் கம்பெனி’ தொடங்கலாம். அதற்குக் குறைந்தது 5 இயக்குநர்கள் வேண்டும். 15 பேருக்கு மேல் கூடாது. 2020ஆம் ஆண்டில் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆந்திர மாநிலம் திருப்பதியில் உள்ள ஸ்ரீஜா மகிளா பால் உற்பத்தியாளர் கம்பெனியின் உறுப்பினர்கள் எல்லோரும் பெண்களே. ஆகவே மாடு வளர்ப்பவரும் ஏர் உழுபவரும் கம்பெனி இயக்குநர் ஆவது இன்று புதுமை இல்லை.

பதவி வந்தால் பொறுப்பும் கூடவே வரும். அதில் ஒன்று வருமான வரிக் கணக்கு.

பருப்பு ஆலைக்காரருக்கு வந்த செய்தி

தாயீயின் கம்பெனியில் இன்னோர் இயக்குநர் ஒரு பருப்பு ஆலைக்காரர். ஆலையை அவர் குடும்பம் ‘பிரைவேட் லிமிடெட்’ கம்பெனியாக நடத்துகிறது. அதில் அவரும் அவர் மனைவியும் இயக்குநர்கள்.

ஆகஸ்டு மாதம் ஒருநாள் அவருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. வருமான வரித் துறை அனுப்பியது. அவர் இன்னும் வரிக் கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்று அதில் இருந்தது.

“கம்பெனிக்குத்தான் ஆடிட்டர் இருக்கிறாரே! கம்பெனி வருஷம் தவறாமல் கணக்குக் காட்டுகிறதே! என்னை ஏன் கேட்கிறார்கள்?” என்று அவர் கோபப்பட்டார்.

தாயீக்கும் சந்தேகம் வந்தது. “அப்படியானால் நானும் காட்ட வேண்டுமா?” என்று கேட்டார்.

இருவரும் லாத்தூர் நகரத்துக்குப் போய் ஆடிட்டரைப் பார்த்தார்கள். அவர்களோடு மூன்றாவது இயக்குநரான மளிகைக் கடைக்காரரும் போனார்.

இரண்டு ஆட்கள், இரண்டு கணக்குகள்

ஆடிட்டர் முதலில் ஒரு காரியம் செய்தார். மேசை மேல் இரண்டு பான் அட்டைகளை வைத்தார். ஒன்று ஆலைக் கம்பெனியின் பெயரில் இருந்தது. மற்றொன்று ஆலைக்காரரின் பெயரில் இருந்தது. இரண்டு அட்டைகளிலும் எண் வேறு வேறு.

“சட்டத்தின் கண்ணில் கம்பெனி தனி ஆள். நீங்கள் தனி ஆள். கம்பெனியின் வருமானத்துக்குக் கம்பெனி கணக்குக் காட்டும். உங்கள் வருமானத்துக்கு நீங்கள்தான் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டு வரி கட்டினால் உங்கள் வீட்டு வரி தீருமா?” என்று கேட்டார்.

கம்பெனியின் கணக்கு ஆண்டுதோறும் கட்டாயம். லாபம் வந்தாலும் காட்ட வேண்டும், நட்டம் வந்தாலும் காட்ட வேண்டும். தொழிலே நடக்காத ஆண்டிலும் காட்ட வேண்டும். அதற்கு வழக்கமான கடைசித் தேதி அக்டோபர் 31.

இயக்குநரின் சொந்தக் கணக்கு அப்படி இல்லை. இயக்குநராக இருக்கும் ஒரே காரணத்தால் ஒருவர் கணக்குக் காட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவருடைய வருமானம் எவ்வளவு என்பதைப் பொறுத்தே அது முடிவாகும்.

எவ்வளவு வந்தால் கட்டாயம்?

வரிக் கணக்கு ஏப்ரல் 1 முதல் மறு ஆண்டு மார்ச் 31 வரை உள்ள பன்னிரண்டு மாதங்களுக்கு. இதை நிதியாண்டு என்பார்கள். 2025–26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் எல்லை 4 லட்சம் ரூபாய். பழைய வரி முறையில் 60 வயது ஆகாதவருக்கு எல்லை இரண்டரை லட்சம் ரூபாய். வருமானம் இந்த எல்லையைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் கட்டாயம்.

எல்லையைத் தாண்டாதவர்களிலும் சிலர் கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டும். ஓர் ஆண்டில் தொழில் விற்பனை 60 லட்சம் ரூபாய்க்கு மேல் போனவர், சேமிப்புக் கணக்குகளில் 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ போட்டவர், ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மின்கட்டணம் கட்டியவர் அந்த வகையில் வருவார்கள். வருமானத்திலிருந்து 25,000 ரூபாயோ அதற்கு மேலோ வரியாகப் பிடிக்கப்பட்டவரும் தாக்கல் செய்ய வேண்டும். 60 வயது ஆனவர்களுக்கு இந்தத் தொகை 50,000 ரூபாய்.

ஆலைக்காரருக்கு ஆலைக் கம்பெனி மாதம் 45,000 ரூபாய் சம்பளம் தருகிறது. ஆடிட்டர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஆண்டுச் சம்பளம் 5,40,000 ரூபாய்.
சம்பளக்காரர்களுக்குப் பொதுக் கழிவு 75,000 ரூபாய்.
மிச்சம் 4,65,000 ரூபாய்.

இது 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆகவே கணக்குக் காட்டுவது கட்டாயம்.

“வரி எவ்வளவு, சாகேப்?” என்று ஆலைக்காரர் பயத்தோடு கேட்டார்.

“4 லட்சத்துக்கு மேல் உள்ள 65,000 ரூபாய்க்கு 5 சதவீதம். அதாவது 3,250 ரூபாய். ஆனால் அதை நீங்கள் கட்ட வேண்டாம். புதிய முறையில் வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை இருந்தால் சாதாரண வருமானத்தின் மீதான வரி முழுவதும் தள்ளுபடி.”

“வரியே இல்லை என்றால் கணக்கு எதற்கு?”

“இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். எல்லை 4 லட்சம். தள்ளுபடி 12 லட்சம் வரை. இரண்டும் வேறு வேறு. எல்லையைத் தாண்டியவர் கணக்குக் காட்ட வேண்டும். காட்டிய பிறகுதான் தள்ளுபடி.”

கம்பெனிப் பணம் எந்த வழிகளில் வருகிறது?

ஆடிட்டர் அடுத்த கேள்வி கேட்டார். “சம்பளம் தவிரக் கம்பெனியிலிருந்து வேறு பணம் வாங்கினீர்களா?”

ஆலைக்காரர் யோசித்தார். “மகள் கல்யாணத்துக்கு 2 லட்சம் எடுத்தேன். அது வருமானம் இல்லையே. நம் கம்பெனியிலிருந்து கடனாகத்தான் எடுத்தேன்” என்றார்.

ஆடிட்டர் தலையை ஆட்டினார். “கம்பெனியின் பங்குகளில் பாதி உங்களுடையது. கம்பெனியில் பழைய லாபமும் சேர்ந்து கிடக்கிறது. அப்படி இருக்கும்போது நீங்கள் எடுத்த கடனைச் சட்டம் கடனாகப் பார்க்காது. லாபத்தில் பங்கு கொடுத்ததாகவே பார்க்கும்.”

சிறிய தனியார் கம்பெனிகளில் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. ஓட்டுரிமை உள்ள பங்குகளில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவர் அந்தக் கம்பெனியிலேயே கடன் வாங்கினால், கம்பெனியில் சேர்ந்துள்ள லாபத்தின் அளவு வரை அது அவருடைய வருமானம் ஆகிவிடும். கம்பெனியின் கல்லாப் பெட்டி வீட்டுப் பெட்டி அல்ல.

இயக்குநருக்குக் கம்பெனியிலிருந்து பணம் வரும் மற்ற வழிகளும் உண்டு.

சம்பளம் வாங்கினால் அது சம்பள வருமானம்.

கூட்டத்துக்கு வந்து போவதற்குத் தரும் அமர்வுப் படியும் வருமானமே. சிறிய தொகையாக இருந்தாலும் அதில் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும்.

பங்குக்குக் கிடைக்கும் லாபப் பங்கும் வருமானம். 2020 ஏப்ரல் முதல் அதற்கான வரி வாங்குகிறவரைச் சேர்ந்தது.

கம்பெனிக்குத் தன் கைப்பணத்தைக் கடனாகக் கொடுத்து வட்டி வாங்கினால் அந்த வட்டியும் வருமானம்.

தன் கிடங்கைக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டால் அந்த வாடகையும் வருமானம்.

இவை எல்லாவற்றையும் கூட்டித்தான் எல்லையைத் தாண்டியதா என்று பார்க்க வேண்டும்.

ஆலைக்காரரின் 4,65,000 ரூபாயோடு 2 லட்சம் சேர்ந்தது. மொத்தம் 6,65,000 ரூபாய். அப்போதும் தள்ளுபடி போக வரி இல்லை. ஆனால் வழக்கமான கடைசித் தேதியான ஜூலை 31 தாண்டிவிட்டது. வருமானம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் தாமதக் கட்டணம் 1,000 ரூபாய். 5 லட்சத்தைத் தாண்டினால் 5,000 ரூபாய். அவர் 5,000 ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று.

“வரி ஒரு பைசா இல்லை. தேதி தப்பியதற்கு ஐயாயிரமா?” என்று ஆலைக்காரர் பெருமூச்சு விட்டார்.

படிவம் மாறிப்போன மளிகைக்காரர்

மளிகைக் கடைக்காரர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அவர் ஆண்டுதோறும் கணக்குக் காட்டுகிறவர். இந்த ஆண்டும் ‘சுகம்’ என்னும் எளிய படிவத்தில் காட்டிவிட்டார். சிறு வியாபாரிகளுக்கான படிவம் அது. அதன் எண் 4.

ஆடிட்டர் அதை வாங்கிப் பார்த்தார். “இது செல்லாது. நீங்கள் இப்போது இயக்குநர் ஆயிற்றே!” என்றார்.

சம்பளக்காரர்களுக்கான ‘சகஜ்’ என்னும் முதல் எண் படிவமும், வியாபாரிகளுக்கான ‘சுகம்’ படிவமும் எளியவை. கம்பெனி இயக்குநர்கள் இந்த இரண்டையும் பயன்படுத்தக் கூடாது. அந்த நிதியாண்டில் சில நாட்கள் மட்டுமே இயக்குநராக இருந்தாலும் இதே விதிதான். கடை, தொழில் வருமானம் இல்லாத இயக்குநருக்கு இரண்டாம் எண் படிவம். கடை, தொழில் வருமானம் உள்ளவருக்கு மூன்றாம் எண் படிவம்.

இந்தப் பெரிய படிவங்களில் சில விவரங்களைக் கூடுதலாகக் கேட்பார்கள். எந்தக் கம்பெனியில் இயக்குநர், கம்பெனியின் பான் எண் என்ன, இயக்குநரின் எட்டு இலக்க அடையாள எண் என்ன என்று எழுத வேண்டும். பங்குச் சந்தைக்கு வராத கம்பெனிகளில் பங்கு வைத்திருந்தால் அதையும் காட்ட வேண்டும். ஆண்டு தொடக்கத்தில் எத்தனை பங்கு, எத்தனை வாங்கினார், எத்தனை விற்றார், கடைசியில் எத்தனை என்று எழுத வேண்டும். உழவர் கம்பெனியில் உள்ள பங்கும் இதில் சேரும்.

தவறான படிவத்தில் காட்டினால் ‘குறையுள்ள கணக்கு’ என்று அறிவிப்பு வரும். 15 நாட்களுக்குள் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் கணக்கே காட்டாததாக ஆகிவிடும். மளிகைக்காரர் அன்றைக்கே சரியான படிவத்துக்கு ஏற்பாடு செய்தார்.

தாயீக்குக் கிடைத்த ஆயிரம் ரூபாய்

கடைசியில் தாயீயின் முறை வந்தது.

“தாயீ, உங்கள் வருமானம் என்ன?”

“துவரை, சோயா விற்ற பணம் எல்லாச் செலவும் போக இரண்டு லட்சம் மிஞ்சும், சாகேப். வங்கி வட்டி 3,000. கம்பெனியில் கூட்டத்துக்கு 1,000 ரூபாய். பத்துக் கூட்டம் போனேன். ஆனால் ஒவ்வொரு முறையும் 900 ரூபாய்தான் வந்தது. நூறு ரூபாய் யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை.”

ஆடிட்டர் சிரித்தார். “யாரும் எடுக்கவில்லை, தாயீ. உங்கள் பான் எண்ணில் வரியாகக் கட்டியிருக்கிறார்கள். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. மற்ற வருமானம் 13,000 ரூபாய்தான். எல்லைக்கு வெகுதூரம் கீழே இருக்கிறீர்கள். நீங்கள் கணக்குக் காட்டுவது கட்டாயம் இல்லை.”

தாயீக்கு நிம்மதி. ஆனால் ஆடிட்டர் மேலும் சொன்னார். “காட்டினால் உங்களுக்கு லாபம். பிடித்த ஆயிரம் ரூபாயும் திரும்பி வரும். காட்டாவிட்டால் வராது.”

பான் எண் கொடுக்காதவர்களுக்கு 10 சதவீதம் அல்ல, 20 சதவீதம் பிடிப்பார்கள் என்றும் அவர் சொன்னார்.

விவசாய வருமானத்தில் ஒரு செய்தியை நினைவில் வைக்க வேண்டும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லைதான். ஆனால் ஒருவருடைய மற்ற வருமானம் எல்லையைத் தாண்டி, விவசாய வருமானமும் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், மற்ற வருமானத்துக்கு வரி போடும்போது விவசாய வருமானத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே அதை மறைக்காமல் படிவத்தில் காட்ட வேண்டும்.

‘பெயருக்கு இயக்குநர்’ என்று ஒருவரும் இல்லை

கிளம்பும் நேரத்தில் ஆலைக்காரர் ஒன்று கேட்டார். “என் மனைவி பெயருக்குத்தான் இயக்குநர். அவளுக்குச் சம்பளம் இல்லை. ஒன்றும் தெரியாது. காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடுவாள். அவளுக்கு ஒன்றும் வராதே?”

ஆடிட்டர் முகம் மாறியது.

“சம்பளம் இல்லை, வேறு வருமானமும் இல்லை என்றால் அவர் சொந்தக் கணக்குக் காட்ட வேண்டியது இல்லை. ஆனால் பொறுப்பு இல்லை என்று சொல்ல முடியாது. தனியார் கம்பெனி வரி கட்டாமல் விட்டு, அதைக் கம்பெனியிடம் வசூலிக்க முடியாமல் போனால், அந்த வரிக்கு உரிய ஆண்டில் இயக்குநராக இருந்தவர்களிடம் வசூலிக்கலாம். ஒவ்வொருவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். தன்னுடைய பெரும் கவனக்குறைவாலோ, முறைகேட்டாலோ, கடமை தவறியதாலோ அது நடக்கவில்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். ‘படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்’ என்பது கவனமாக இருந்ததற்குச் சாட்சி ஆகுமா?”

இந்த விதி 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது.

கம்பெனிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய ஆண்டுக் கணக்குகளும் உண்டு. கம்பெனி தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அவற்றை அனுப்பாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். 2017ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் இப்படித் தகுதி இழந்தார்கள்.

இதைக் கேட்டதும் தாயீக்கு ஒரு நினைவு வந்தது. இயக்குநர் ஆனபோது அவருக்கு ஒரு சின்னக் கருவி வாங்கினார்கள். பென் டிரைவ் மாதிரி இருக்கும். அதைக் கணினியில் செருகினால் அவருடைய டிஜிட்டல் கையெழுத்து விழும். அது கம்பெனி அலுவலகத்து மேசை அறையில் கிடந்தது. கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதி அதிலேயே ஒட்டியிருந்தார்கள்.

“அதை யார் எடுத்தாலும் என் கையெழுத்துத்தானா, சாகேப்?” என்று கேட்டார்.

“ஆமாம், தாயீ. அது உங்கள் கை மாதிரி.”

ஊர் திரும்பியதும் தாயீ நேராக அலுவலகம் போனார். அந்தக் கருவியை எடுத்து வந்து வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கடவுச்சொல்லை மாற்றச் செய்தார். “இனி என் கையெழுத்து வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுங்கள். காகிதத்தைப் படித்துக் காட்டுங்கள். நானும் படிப்பேன். அப்புறம் போடுவேன்” என்றார்.

தாமதமாகக் காட்டினாலும் அந்த ஆயிரம் ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

நினைவில் வைக்க வேண்டியவை

1. கம்பெனியின் வரிக் கணக்கு வேறு. இயக்குநரின் சொந்தக் கணக்கு வேறு.

2. வருமானம் எல்லையைத் தாண்டினால், வரி இல்லாவிட்டாலும் கணக்குக் காட்ட வேண்டும். எல்லைத் தொகையும் கடைசித் தேதியும் மாறக்கூடும். ஒவ்வோர் ஆண்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

3. சம்பளம், அமர்வுப் படி, லாபப் பங்கு, வட்டி, வாடகை எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கம்பெனியில் எடுத்த கடனை ஆடிட்டரிடம் மறைக்கக் கூடாது.

4. இயக்குநருக்குச் சகஜ், சுகம் படிவங்கள் பொருந்தாது.

5. பான், ஆதார், வங்கிப் புத்தகம், வரிப் பிடித்தச் சான்றிதழ், இயக்குநர் அடையாள எண், பங்குச் சான்று ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வைக்க வேண்டும்.

6. வருமான வரித் துறையின் இணையதளத்தில் கணக்குத் தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை. தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் அதை உறுதி செய்ய வேண்டும். ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் எண்ணைக் கொண்டு உறுதி செய்யலாம். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் அந்த எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது.

7. படித்துப் பார்க்காத காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. புரியாவிட்டால் கேட்க வேண்டும்.